மூன்று வளைவுக் கடை

காரவள்ளி,
யுவ வருஷம் சித்திரை 12

சிரஞ்சீவி தம்பி அர்த்தனாரிக்கு அக்காள் செல்லாத்தாள் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் மச்சானின் கால்தான் மடங்க மாட்டேன் என்கிறது. தை மாதம் வண்டி குடைசாய்ந்ததில் அடிபட்டது. வைத்தியர் கட்டுப் பிரித்த பிறகும் நீட்டினபடியே இருக்கிறது. இனி அவர் வண்டி ஓட்ட முடியாது. மாடுகளை விற்றுவிட்டோம். விற்ற அன்றைக்கு மனுஷன் சோற்றைத் தொடவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இனிமேல் எங்களுக்குக் கடை ஒன்றுதான் கதி. கூரை போன மழையில் ஒழுகி உப்பு மூட்டை கரைந்தே போயிற்று. எதிர்ச்சாரியில் சின்னுசாமி என்று ஒருவர் புதுக்கடை போட்டிருக்கிறார். அதனால் நம் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓட்டுக் கட்டடமாகக் கட்டிவிடுவோம் என்று மச்சான் சொல்கிறார். மாடு விற்ற பணம் அதற்குத்தான். இதில் தவறினால் மறுபடி எழுந்திருக்க வழியில்லை.

நீ மதராஸில் நாடகக் கம்பெனித் திரைச்சீலையில் அரண்மனையும் நந்தவனமும் படமாக எழுதுகிறவன். அக்காளுக்கு ஒரு கடை எழுதித் தர மாட்டாயா? உப்பு நனையக் கூடாது. கருவாட்டு வாடை வெல்லத்தில் ஏறக் கூடாது. மலைச் சனம் தலைச்சுமையோடு இறங்கி வந்து முதலில் நம் பாப்பாத்தி பேரில் நட்ட சுமைதாங்கிக் கல்லில்தான் சுமையை இறக்கும். இறக்கின இடத்தில்தான் உப்பும் புகையிலையும் வாங்கும். அது நீ அறிந்ததே. கல்லை முன்னால் வைத்துக்கொண்டு மற்றதை யோசி.

உன் பெண்சாதி பாப்பாத்தி வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கல் நட்ட மறுநாள் ரயிலேறியவன் நீ. ஒருதரமாவது வந்து போ சாமி.

உன் அக்காள்,
செல்லாத்தாள்


மதராஸ்,
6-5-1935

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி அர்த்தனாரி கும்பிட்டு எழுதியது.

நான் சௌக்கியம். வார்னிஷ் நெடியில் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை. மச்சான் காலுக்குக் கோடாலித் தைலம் அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. கம்பெனி முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷமாகத் துணியில்தான் எழுதுகிறேன். ஊர் மாறினால் சுருட்டுவார்கள், கதை மாறினால் மேலே வேறு வர்ணம் அடிப்பார்கள். மண்ணில் நிற்கிற மாதிரி ஒன்று எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

முகப்பில் மூன்று வளைவுகள். நடு வளைவு கொஞ்சம் உயரம். தூண்களில் கொடி. ஒவ்வொரு வளைவுக்கு மேலும் ஒரு பலகை. ஒன்றில் பலாமரம், ஒன்றில் அருவி, ஒன்றில் கிளிகள். பலகைகளை நானே எழுதி ரயிலில் அனுப்புகிறேன். சுவருக்கு வெள்ளை, தூணுக்கு மயில்கழுத்து நீலம். வாசலில் அகலமாக ஒரே கல்லில் ஒரு படி. மலைப்பாதையின் கடைசித் திருப்பத்தில் வருகிறவன் கண்ணில் இது பட்டால் அவன் கால் வேறெங்கும் போகாது.

படத்தைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே மச்சானுக்கு ஒரு சீட்டு இருக்கிறது. அளவு, சுண்ணாம்பு என்று கட்டட வேலை சமாசாரம். நீ அதைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி,
அர்த்தனாரி


காரவள்ளி,
வைகாசி 8

தம்பி அர்த்தனாரிக்கு ஆசீர்வாதம். இருமலுக்குத் துளசிச் சாறு குடி. பட்டணத்தில் துளசி கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே.

அடேயப்பா! படத்தைச் சுவரில் ஒட்டியதிலிருந்து வீடு கொள்ளாத கூட்டம். பக்கத்து வீட்டு நாமகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க அக்கா, இது கடைங்களா, கோயலுங்களா?" என்கிறாள். எனக்கும் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. இந்தக் காட்டில் இப்படி ஒன்று நம்முடையது என்று நிற்கப் போகிறதே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் படத்தில் கடை முன்னால் ஒருத்தி பூ வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் யார்? எங்கள் கடைக்கு அப்படி யாரும் வந்ததில்லை. தலையில் சாமை மூட்டையும் வாழைத்தாரும் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க வருகிறவர்கள்தான் வருவார்கள். அந்த வளைவு மூட்டையில் இடிக்கும். கருவாட்டை எங்கே தொங்கவிடுவது? கிளிக்குப் பக்கத்திலா?

இன்னொன்று. படம் முழுக்கத் தேடிவிட்டேன். கல்லைக் காணோம். மறந்துவிட்டாயா, இல்லை வேறு பக்கம் வைக்க நினைத்தாயா?

செல்லாத்தாள்


மதராஸ்,
3-6-1935

அக்காளுக்கு வணக்கம். சௌக்கியம்.

வளைவை ஒரு முழம் உயர்த்தச் சொல். கருவாட்டுக்குப் பின்கட்டில் தனி அறை, காற்றுப் போக ஜன்னல். நீ சொன்னதெல்லாம் சரிதான், திருத்திவிட்டேன்.

கல் நடு வளைவுக்கு நேர் எதிரே நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கடையின் முகத்தில் பாதியை மறைத்துவிடும். இவ்வளவு செலவு செய்து கட்டிவிட்டு அதை மறைப்பதற்கு ஒன்றை நட்டு வைப்பார்களா? உள்ளே நீளமாக ஒரு மரப்பெஞ்சு போடுங்கள். சுமையை நிழலில் இறக்கட்டும், தாங்களும் உட்காரட்டும். வெயிலில் நிற்கிற கல்லை விட அது உபகாரம்தானே? கல்லை எடுத்துவிடுங்கள்.

அர்த்தனாரி


காரவள்ளி,
ஆனி 28

தம்பிக்கு ஆசீர்வாதம். மச்சான் இப்போது தடியூன்றி வாசல் வரைக்கும் நடக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு வார்த்தை கூட எழுத மாட்டேன் என்கிறாயே.

உன் பெஞ்சுக் கதையைக் கேள். போன சந்தைக்குத் திண்ணனூர் நாட்டுக் குப்பாயி பலாப்பழக் கூடையோடு இறங்கி வந்தாள். எங்களிடம் பத்து வருஷமாக வாங்குகிறவள். கொத்தனார் பலகையைப் போட்டு வைத்திருந்தார். அதைக் காட்டி, "இதுல எறக்கு குப்பாயி" என்றேன். அவள் அதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "ஏனுங்க அம்மிணி, இது முழங்கால் ஒசரத்துல கெடக்குது. நான் குனிஞ்சா பழம் எனக்கு முன்னால போய் உக்காந்துக்குமுங்க" என்கிறாள். நானும் உன் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். காலை ஊன்ற முடியாமல் அவர் விழப் பார்த்தார். தோள் உயரத்துக்குக் கல் நட்டவர்கள் ஒன்றும் தெரியாமல் நடவில்லை. ஒண்டியாக வருகிறவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி ஏற்ற வேண்டும் என்றுதான் அந்த உயரம்.

இதை நாலு பக்கம் எழுதி உன்னோடு சண்டை போடலாம் என்றிருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து என்று சேந்தமங்கலம் போய் மூன்றாம் நாள் திரும்பி வருகிறேன், கால்கல் இரண்டும் நின்ற இடத்தில் குழிதான் இருக்கிறது, மேல்கல்லையும் காணோம். "என்னங்க இது?" என்றேன். "படத்துல இருக்கறபடிதான் புள்ள கட்டோணும். படிச்சவன் சொல்றான்" என்கிறார் உன் மச்சான். கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறதாம்.

வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக, ஊரார் சுமை இறங்கட்டும் என்று நட்ட கல். அதில் பேரை வெட்டுவதற்கு எழுத்து வரைந்து கொடுத்தவன் நீ. அழகுக்கு இடைஞ்சல் என்று எடுக்கச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? இதற்குப் பதில் எழுது.

செல்லாத்தாள்


மதராஸ்,
15-9-1935

அக்காளுக்கும் மச்சானுக்கும் வணக்கம்.

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். மூன்று பலகைகளையும் சேலம் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். அருவிப் பலகையில் ஆகாயம் நன்றாக அமைந்திருக்கிறது. கம்பெனியில் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள்.

விஜயதசமிக்குக் கடை திறப்பு என்று மச்சான் எழுதியிருந்தார். நான் வரப் பார்க்கிறேன்.

அர்த்தனாரி


காரவள்ளி,
ஐப்பசி 10

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நீ வரவில்லை. இலை போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தீபாவளிக்காவது வருவாய் என்று நினைத்தேன். நேற்று அதுவும் போயிற்று. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

கடை அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, நானே காலையில் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பெருக்க வருகிறேன். சேந்தமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். தாசில்தார் குடும்பம் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்து, கிளிகளைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ஒரு துண்டு வெல்லம் வாங்கவில்லை.

மலைச் சனம் வருவதே இல்லை. திறந்து மூன்று சந்தை ஆயிற்று. இறங்கி வருகிறார்கள், படிக்கு நாலடி தள்ளி நின்று பார்க்கிறார்கள், தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். சின்னுசாமி இரண்டு பனங்கட்டையை நட்டு மேலே ஒரு கட்டையைக் கட்டி வைத்துவிட்டார். பார்க்கச் சகிக்காது. ஆனால் தோள் உயரம். நான் வாசலில் நின்று, "வா குப்பாயி, வா சுப்பையா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். காது கேளாதவர்கள் போலப் போகிறார்கள். எங்கள் மேல் என்ன கோபம்? கருவாட்டில் புழு வைத்துவிட்டது.

வாங்கிப் போட்ட சரக்கு தை வரைக்கும் தாங்கினால் பெரிது.

செல்லாத்தாள்


மதராஸ்,
9-11-1935

அக்காளுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பெனி பெல்லாரிக்குப் போவதாக இருந்தது, அதனால் புறப்பட முடியவில்லை.

புதிதாக எதைப் பார்த்தாலும் மலை ஜனங்கள் கூச்சப்படுவார்கள். பழகிவிடும். நடு வளைவில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டுங்கள். தன் முகத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒருதரம் படியில் கால் வைத்துவிட்டால் போதும், பிறகு தானாக வருவார்கள். படி ஒழுங்காக அமைந்ததா? ஆட்டம் ஒன்றும் இல்லையே?

அர்த்தனாரி


காரவள்ளி,
மார்கழி 6

அர்த்தனாரிக்கு.

உன் கண்ணாடியையும் வாங்கி மாட்டினோம். போன சந்தையில் நான் எதிர்ச்சாரிக்கே போய்க் குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் உனக்கு என்ன குத்தம் செஞ்சேன்? எடையில கொறச்சனா? இன்னைக்குச் சொல்லாம நீ போகக் கூடாது" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க அம்மிணி. நீங்க ஊருல இல்லாதப்ப நாங்க எறங்கி வந்த அன்னைக்குத்தான் கொத்தனாரு அந்தக் கல்லைப் படியில பதிச்சுக்கிட்டு இருந்தாருங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க அத்தன பேரு சுமையையும் தாங்கினவளுங்க. அவ வவுத்து மேல கால வெச்சு எப்பிடீங்க உள்ள வாரது?"

படியைப் பார்த்தேன். அகலமாக ஒரே கல். விஜயதசமியிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை தரம் மிதித்திருப்பேன்! செவ்வாய் வெள்ளி அதில் தண்ணீர் தெளித்துக் கோலம் வேறு போட்டேனே, பாவி.

உன் மச்சானை உலுக்கிக் கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து, நீ வைத்து அனுப்பிய சீட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததால் சொல்லவில்லையாம். ஆறு வருஷம் வெயிலும் மழையும் பார்த்த நல்ல கல், வெளியே வாங்க வேண்டாம், அதையே படிக்குப் போடுங்கள், எழுத்து வெட்டின பக்கம் கீழே போகட்டும் என்று இருக்கிறது. இது உன் கையெழுத்துத்தான். நான் உனக்குச் சிலேட்டில் கையைப் பிடித்து எழுதப் பழக்கின எழுத்து, எனக்குத் தெரியாதா?

கடப்பாரை வைத்துப் பெயர்த்தோம். திருப்பினால் பாப்பாத்தி பேர் அப்படியே இருக்கிறது, மண் அப்பிக்கொண்டு. கழுவி, கால்கற்களைப் பழைய குழியிலேயே நட்டு மேலே ஏற்றியாயிற்று. உன் முகப்பில் பாதி மறைந்துதான் போயிற்று, போகட்டும். ஆனால் ஒருவரும் அதில் சுமை இறக்கவில்லை. "காலடியில கெடந்த கல்லுல கஞ்சித் தானியத்த எறக்கப் படாதுங்க" என்று சுப்பையன் சொல்லிவிட்டான். பூசை போட்டால் வருவார்களா என்று கேட்டேன். அதில் இருந்த சக்தி முதலில் பெயர்த்த அன்றைக்கே போய்விட்டதாம்.

ஏன் இப்படிச் செய்தாய்? அழகுக்காக என்று மறுபடி எழுதாதே. அழகுக்காக என்றால் எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லியிருப்பாய்.

செல்லாத்தாள்


மதராஸ்,
2-3-1936

அக்காளுக்கு.

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். மச்சானைத் திட்டாதே. குற்றம் என்னுடையது.

பாப்பாத்தி போன அன்றைக்கு நான் நாமக்கல்லில் நாடகப் படுதா எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஆள் வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. ஆள் உச்சிக்கே வந்துவிட்டான். "பாப்பாத்தியக்காவுக்கு ரொம்ப முடியலீங்க, உடனே வரச் சொன்னாங்க" என்றான். நான் அப்போது ஆகாயம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகாயத்தைப் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். "நீ போ, இத முடிச்சுட்டு வாரேன்" என்றேன். அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தேன், வழியில் வண்டி கிடைக்கவில்லை என்று சொல்லச் சொல்லி. முடித்துவிட்டு வந்தபோது நீ அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய்.

அந்த ஆகாயம் நன்றாக வந்திருந்தது அக்கா. படுதா இறங்கியபோது கொட்டகையே கை தட்டியது. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான். கொஞ்சம் கெட்டுப் போயிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன்.

கல் நட்ட அன்றைக்கு அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. நீ கடை கேட்டபோது, அது இல்லாமல் அந்த இடத்தை வரைந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் ஊருக்கு வரலாம் என்று தோன்றியது. ஓரமாக எடுத்து வைத்தால் அங்கேயும் நிற்கும். கீழே போய்விட்டால், பேரும் மண்ணுக்குள் போய்விட்டால், நான் வந்து உன் கையால் ஒரு வாய் சோறு தின்ன முடியும் என்று நினைத்தேன். மலைச் சனம் அவளை இவ்வளவு நினைவு வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடை எப்படி இருக்கிறது? பங்குனியில் வருகிறேன். அந்தக் கல் முன்னால் வந்து நிற்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அர்த்தனாரி


சேந்தமங்கலம் சத்திரம்,
பங்குனி 9

தம்பி அர்த்தனாரிக்கு அக்காள் எழுதியது.

உன் கடிதம் வந்தது. மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவள் கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வண்டி கிடைத்திருக்காது, வந்துகொண்டேதான் இருப்பான் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நம்பிக்கொண்டுதான் போனாள். அது ஒன்று உனக்கு ஆறுதல் என்றால் வைத்துக்கொள்.

கடையைச் சின்னுசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அவர் அதில் கடை வைக்கவில்லை, புளி மூட்டை அடுக்கப் போகிறார். ஈரம் ஏறாத கட்டடம், நல்ல காற்று என்கிறார். நீ போட்ட ஜன்னல்களை மெச்சினார். பலகைகள் அப்படியே மேலே இருக்கின்றன. கழற்ற ஏணி கிடைக்கவில்லை.

நாங்கள் சேலம் போகிறோம். ஒரு நூல் மில்லில் மச்சானுக்கு வாசலில் உட்காருகிற காவல் வேலை சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் உண்டு. நீ பங்குனியில் காரவள்ளிக்குப் போனால் நாங்கள் இருக்க மாட்டோம். கல் இருக்கும். அதையும் அவர் என்ன செய்வாரோ, நான் கேட்கவில்லை.

இன்று காலையில் புறப்பட்டோம். பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் நாமகிரி தூக்கி வைத்தாள். வாசலைத் தாண்டினதும் உன் மச்சானுக்குத் தடி நழுவிவிட்டது. எடுத்துக் கொடுக்க வேண்டும், தலையில் சுமை. மூட்டையை அந்தக் கல்லில் வைத்தேன். குனிய வேண்டியிருக்கவில்லை, யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் பேர் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்ச்சாரியில் மலைச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மூட்டையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அதை நட்டு ஏழு வருஷம் ஆகிறது. நான் அதில் சுமை இறக்கியது இன்றைக்குத்தான். கடை இருந்த வரைக்கும் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. சேலத்தில் இருக்க இடம் கிடைத்தால் விலாசம் எழுதுகிறேன்.

செல்லாத்தாள்